சீரோவுக்கு ஒரு பூட்டு: கரிசல் ஊர் ஆபீஸ் தொலைபேசியின் கதை

போன மாசம் கோவில்பட்டியில் மாமா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யப் போனபோது ஒரு நீள அக்கவுண்டு நோட்டு கையில் கிடைத்தது. அட்டையில் "இண்டர்காம்" என்று மட்டும் எழுதியிருந்தது. மாமா ஒரு ஆபீஸில் எலெக்ட்ரீஷியனாக இருபது வருசத்துக்கு மேல் வேலை பார்த்தவர். லைட்டு, ஃபேன், மோட்டார் போக, அந்த ஆபீஸின் தொலைபேசிப் பெட்டியும் அவர் பொறுப்புதான். உள்ளே இப்படி இருந்தது:

201 – முதலாளி ரூம் – எல்லாம்.
202 – மேனேஜர் – எஸ்.டி.டி. உண்டு.
207 – கணக்கு – லோக்கல் மட்டும்.
214 – பேக்கிங் – உள்ளே மட்டும்.
219 – வாட்ச்மேன் ரூம் – உள்ளே மட்டும்.

இந்தக் கடைசி வரியை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பக்கத்தில் வேறு ஏதோ எழுதியிருந்தார். "இது என்ன மாமா?" என்று கேட்டேன். "அது பெரிய கத மாப்ளே. முதல்ல அந்தப் பெட்டியப் பத்தித் தெரிஞ்சுக்கோ, அப்புறம் சொல்லுதேன்" என்றார். அவர் சொன்ன வரிசையிலேயே நானும் எழுதுகிறேன். கல்வெட்டும் செப்பேடும் படிக்கிற நாம் இந்த மாதிரி நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடுகிறோம். ஒரு ஆபீஸில் யார் யாரோடு பேசலாம், யார் பேசக் கூடாது என்பதை இவ்வளவு வெளிப்படையாக எழுதி வைத்த ஆவணம் வேறு எதுவும் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

கயிறு இழுத்த காலம்

சென்னையில் முதல் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் வந்தது 1882-ல். அதே வருசம்தான் கல்கத்தாவிலும் பம்பாயிலும். அப்போது எல்லாமே ஆள் வைத்துத்தான் நடந்தது. ரிசீவரை எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருப்பவர் குரல் கொடுப்பார். யார் வேண்டும் என்று சொன்னால், இரண்டு பக்கமும் முளை வைத்த ஒரு கயிற்றை எடுத்து இந்தத் துளைக்கும் அந்தத் துளைக்கும் சொருகுவார். பேச்சு முடிந்ததும் உருவிவிடுவார்.

பெரிய ஆபீஸ்களும் மில்களும் இதே ஏற்பாட்டைச் சின்ன அளவில் தங்களுக்குள் வைத்துக்கொண்டன. வெளியிலிருந்து நாலு லைன் வரும், உள்ளே நாற்பது ரிசீவர் இருக்கும். நடுவில் ஒரு கயிற்றுப் பலகையும் ஒரு ஆபரேட்டரும். இதன் கணக்கு ரொம்ப எளிது. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் வெளியூருக்குப் பேசப் போவதில்லை. ஆகவே நாற்பது லைனுக்கு வாடகை கட்ட வேண்டியதில்லை. கூட்டுக் குடும்பத்தில் நாலு சைக்கிள் வைத்துக்கொண்டு எல்லாரும் மாற்றி மாற்றி ஓட்டுவது போலத்தான். இன்றைக்கு இருக்கிற எந்த நவீன ஆபீஸ் தொலைபேசி ஏற்பாட்டுக்கும் அடிப்படை இந்தக் கணக்குதான்.

ஆள் இல்லாமல் தானாக இணைப்புக் கொடுக்கும் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் 1891-ல் காப்புரிமை வாங்கியவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர். தொழிலால் அவர் சவ அடக்கம் செய்து கொடுப்பவர். ஊர் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர் தனக்கு வர வேண்டிய அழைப்புகளைப் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகத்தில்தான் அவர் இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை ரொம்ப காலமாகச் சொல்லப்படுகிறது. கதை முழுக்க நிஜமோ இல்லையோ, ஒரு விஷயம் அதில் இருக்கிறது. நடுவில் இருப்பவர் கையில்தான் அதிகாரம் இருக்கிறது, அந்த ஆளை எடுத்துவிட்டால் அதிகாரமும் போய்விடும் என்று ஸ்ட்ரோஜர் நினைத்தார். ஆனால் அதிகாரம் எங்கேயும் போகவில்லை, பெட்டிக்குள் குடியேறிவிட்டது. அதைத்தான் மாமா நோட்டு காட்டுகிறது.

இந்தியாவில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் 1913-14-ல் சிம்லாவில் வந்தது. வெள்ளைக்கார துரைமார்கள் கோடையில் தங்கி ஆட்சி நடத்திய ஊர். நம்ம பக்கம் வர அதற்கப்புறம் எத்தனையோ வருசம் ஆயிற்று.

டிரங்க் கால் காத்திருப்பு

கோவில்பட்டி விவசாயத்தை மட்டும் நம்பிய ஊர் இல்லை. 1901-லேயே இங்கே அரசு விவசாய ஆராய்ச்சி நிலையம் வந்தது, காரணம் பருத்தி. பருத்தியால் மில் வந்தது. மானம் பார்த்த பூமியில் விவசாயம் காலை வாரும்போதெல்லாம் கைகொடுத்தது தீப்பெட்டி. கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், சாத்தூர், சிவகாசி என்று அந்த வளையமே தீப்பெட்டி வளையம். சரக்கு போவது வடநாட்டுக்கு, பணம் வருவதும் அங்கிருந்துதான். ஆக, இந்த ஊர்க்காரர்களுக்குத் தொலைபேசி என்பது தொழில் கருவி.

எஸ்.டி.டி. வருவதற்கு முன் வெளியூருக்குப் பேச டிரங்க் கால் புக் பண்ண வேண்டும். இந்தியாவில் முதல் எஸ்.டி.டி. 1960-ல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையில் வந்தது. சின்ன ஊர்களுக்கு வந்து சேரக் கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அதுவரைக்கும் ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்று மூன்று விதம். அர்ஜெண்டுக்கு இரண்டு மடங்கு கட்டணம், லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. "காலைல புக் பண்ணுனா சாயந்திரம் வரும். வர்றப்ப முதலாளி சாப்பிடப் போயிருப்பாரு. ஆபரேட்டர் அக்கா ஓடிப் போய்க் கூப்பிடுவாங்க" என்று மாமா சொல்வார். ஆபரேட்டர் இருந்ததால்தான் அது சாத்தியம். யார் எங்கே இருக்கிறார், யாரை எழுப்பலாம், யாரை எழுப்பக் கூடாது என்பதெல்லாம் அந்த அக்காவுக்கு அத்துப்படி.

இந்த வேலையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்வையற்றவர்களுக்கு அலுவலக வேலை என்று இந்த நாட்டில் திறந்திருந்த சில கதவுகளில் ஒன்று டெலிபோன் ஆபரேட்டர் வேலை. பேங்குகளிலும் அரசு அலுவலகங்களிலும் நூற்றுக்கணக்கான எண்களை மனப்பாடமாக வைத்திருந்த ஆபரேட்டர்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்கிற பதிவுக் குரல் வந்தபோது மூடிய கதவுகளில் அதுவும் ஒன்று.

குளிர்சாதனம் கேட்காத பெட்டி

1984-ஐ ஒரு திருப்புமுனை என்று சொல்லலாம். அந்த வருசம் ஆகஸ்டில் சி-டாட் என்ற ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. அதன் பின்னால் இருந்தவர் சாம் பிட்ரோடா, ஒடிசாவின் டிட்லாகட்டில் பிறந்தவர். அமெரிக்காவில் அவர் பேர் வாங்கியதே இந்த மாதிரி மின்னணு இணைப்புப் பெட்டிகளை வடிவமைத்துத்தான். மூன்று வருசம், 36 கோடி ரூபாய், அதற்குள் இந்தியாவுக்கென்று ஒரு டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் செய்து தருகிறோம் என்பது சி-டாட்டின் வாக்கு. அதே 1984-ல்தான் ரிசீவர், ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச் மாதிரி வாடிக்கையாளர் இடத்தில் வைக்கும் சாதனங்களைத் தனியாரும் தயாரிக்கலாம் என்று அரசு கதவைத் திறந்தது.

சி-டாட் முதலில் கையில் எடுத்தது பெரிய நகரத்து எக்ஸ்சேஞ்சை இல்லை. 128 போர்ட் கொண்ட ஒரு சின்னப் பெட்டி. ஆபீஸில் வைத்தால் அது பி.பி.எக்ஸ்., கிராமத்தில் வைத்தால் ஊர் எக்ஸ்சேஞ்ச், அதாவது 'ராக்ஸ்'. இரண்டும் ஒரே குடும்பம். கர்நாடகத்தில் கித்தூர் என்ற ஊரில் 1986-ல் முதல் ராக்ஸ் ஓட ஆரம்பித்தது. ஆங்கிலேயரை எதிர்த்த ராணி சென்னம்மாவின் ஊர் அது. கயத்தாறுக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் பக்கத்தில் இருக்கிற நமக்கு அந்தப் பேர் சும்மா கடந்து போகிற பேர் இல்லை.

இந்தப் பெட்டியின் பெருமை வேகத்தில் இல்லை. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு ஏ.சி. ரூம் வேண்டும். நம்ம ஊரில் கரண்டே நிலையாக இருக்காது, இதில் ஏ.சி. எங்கே போடுவது? சி-டாட்காரர்கள் குறைந்த மின்சாரம் எடுக்கும், குறைவாகச் சூடாகும் பாகங்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார்கள். வெயில், தூசி இரண்டையும் தாங்குகிற மாதிரி, காற்றோட்டத்திலேயே சூடு ஆறுகிற மாதிரி செய்தார்கள். சித்திரை மாசத்துக் கோவில்பட்டியில் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு தகரக் கூரை ரூமில் நின்று பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சாதனை என்று விளக்க வேண்டியதில்லை.

சி-டாட் தன் வடிவமைப்பை வைத்துப் பூட்டிக்கொள்ளவில்லை, பல கம்பெனிகளுக்குக் கொடுத்தது. தனியாகவும் நிறையப் பேர் இறங்கினார்கள். அகமதாபாத்தில் துணி நெய்து பேர் வாங்கிய அர்விந்த் மில் கூட 'சின்டெல்' என்ற பேரில் ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச் செய்தது. வடோதராவில் 1991-ல் மேட்ரிக்ஸ் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் கோவில்பட்டி மாதிரி ஊரிலும் ஒரு மில், ஒரு லாட்ஜ், ஒரு தீப்பெட்டி ஆபீஸ் என்று சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருந்தது. பெயர்ப்பலகையில் இ.பி.ஏ.பி.எக்ஸ். என்று இருக்கும். எல்லாரும் கூப்பிட்டது இண்டர்காம்.

திரையில்லாத நிரல்

புரோகிராம் என்றதும் கம்ப்யூட்டர், கீபோர்டு என்று நினைக்காதீர்கள். மாமா நிரல் எழுதியது ஒரு சாதாரண ரிசீவரில். குறிப்பிட்ட எக்ஸ்டென்ஷனிலிருந்து ஒரு ரகசிய எண்ணை அடித்தால் பெட்டி 'புரோகிராம் மோடு'க்குப் போகும். அப்புறம் கட்டளை எண், எக்ஸ்டென்ஷன் எண், மதிப்பு என்று வரிசையாக அடிக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் சின்னதாக ஒரு பீப், தப்பென்றால் நீளமாக ஒரு சத்தம். அவ்வளவுதான். என்ன அடித்தோம், இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டத் திரை கிடையாது.

அதனால்தான் அந்த நோட்டு. பெட்டியின் திரையே அந்த நோட்டுதான். பெட்டிக்குள் நினைவகத்தைக் காக்க ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது செத்துப்போய், கூடவே கரண்டும் போனால், அத்தனையும் அழிந்து கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். நோட்டு இருந்தால் ஒரு மணி நேர வேலை, இல்லையென்றால் ஒரு வாரம்.

அந்தப் பெட்டி செய்கிற காரியங்களில் முக்கியமானது தரம் பிரிப்பது. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் ஒரு வகுப்பு. 0 அழுத்தினால் வெளி லைன் கிடைக்கும். வெளி லைன் கிடைத்தபின் அடுத்து அடிக்கும் எண்களைப் பெட்டி ஒட்டுக் கேட்கும். மறுபடி ஒரு 0 வந்தால் எஸ்.டி.டி., இரண்டு 0 வந்தால் வெளிநாடு. ஆக, 207-க்கு "வெளி லைனில் முதல் எண் 0 ஆக இருந்தால் துண்டித்துவிடு" என்று சொன்னால் எஸ்.டி.டி. பூட்டியாயிற்று. ஆபீஸ் பாஷையில் "சீரோ லாக்". 214 மாதிரி ஆட்களுக்கு வெளி லைனே கிடையாது, முதல் 0-வே வேலை செய்யாது.

ஊர் எக்ஸ்சேஞ்சுக்கும் பெட்டிக்கும் ஒத்துப்போக வைப்பது அடுத்த பாடு. ஒன்று மட்டும் சொல்கிறேன். எதிர்முனையில் இருப்பவர் ரிசீவரை வைத்துவிட்டார் என்பது பெட்டிக்கு எப்படித் தெரியும்? பல நேரம் எங்கேஜ் சத்தத்தைக் கேட்டுத்தான். நம்ம நாட்டு எங்கேஜ் சத்தம் 400 ஹெர்ட்ஸ், முக்கால் வினாடி ஒலிக்கும், முக்கால் வினாடி அடங்கும். வேறு நாட்டுக் கணக்கில் அமைத்த பெட்டியை அப்படியே மாட்டினால், இது எங்கேஜ் சத்தம் என்றே அதற்குப் புரியாது. லைனை விடாமல் பிடித்துக்கொண்டே நிற்கும். நாலு லைனும் இப்படித் தொங்கிவிட்டால் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. "லைன் டெட்டு" என்று புகார் எழுதுவார்கள். லைன் நன்றாகத்தான் இருக்கும்.

பூட்டும் கள்ளச்சாவியும்

2000-களின் தொடக்கத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. மாநிலத்துக்குள் பேச, எஸ்.டி.டி. கோடின் முன்னால் 0-க்குப் பதில் 95 அடிக்கும் முறையை பி.எஸ்.என்.எல். கொண்டுவந்தது. மதுரைக்கு 0452-க்குப் பதில் 95452. கட்டணமும் குறைவு. எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் ஊர் ஊராக ஆபீஸ் பெட்டிகளில் பூட்டியிருந்தது 0-வைத்தானே? 9-ல் தொடங்கினால் பெட்டி அதை லோக்கல் என்று விட்டுவிடும். கணக்குப் பிரிவு 207-லிருந்து மதுரைக்கும் சென்னைக்கும் தாராளமாகப் பேச்சு ஓடியது. பில் வந்த பிறகுதான் மாமாவைக் கூப்பிட்டார்கள். நோட்டில் அந்தப் பக்கத்தில் "95 – பூட்டியாச்சு" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்.

அதே சமயத்தில்தான் ஊர் எண்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 2 சேர்ந்தது. கோவில்பட்டியில் ஐந்து இலக்கமாக இருந்தவை ஆறாயின. பெட்டியில் சுருக்கு எண்ணாகப் போட்டு வைத்திருந்த டாக்டர், பேங்க், லாரி செட், புரோக்கர் எல்லாவற்றையும் மறுபடி அடிக்க வேண்டியிருந்தது.

வேடிக்கை அதோடு முடியவில்லை. சில வருசத்தில் 95 முறையே எடுக்கப்பட்டது. அப்புறம் 95 என்று தொடங்கும் செல் எண்கள் வந்தன. அப்போது மாமா ரிட்டையர் ஆகிவிட்டார். பெட்டிக்குள் அவர் போட்ட பூட்டு மட்டும் அப்படியே இருந்தது. "சில பேரோட செல்லுக்கு மட்டும் ஆபீஸ் போன்லருந்து போகவே மாட்டேங்குது, மத்ததுக்குப் போகுது" என்று புதுப் பையன்கள் தலையைச் சொறிந்திருக்கிறார்கள். கடைசியில் வீட்டுக்கு ஆள் விட்டார்கள். மாமா நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சொல்லி அனுப்பினார்.

வரலாறு படிப்பவர்களுக்கு இது பழகின விஷயம். விதி போட்டவருக்குக் காரணம் தெரியும். அவர் போன பிறகு விதி நிற்கும், காரணம் போய்விடும். பிற்பாடு வருபவர்களுக்கு அது ஏன் என்றே புரியாத ஒரு தடையாகத் தெரியும்.

கரிசல் மண்ணும் ஐப்பசி இடியும்

எந்தக் கம்பெனி கையேட்டிலும் இல்லாத ஒரு அத்தியாயம் மாமா நோட்டில் உண்டு. தலைப்பு "எர்த்".

தொலைபேசிக் கம்பி வழியாக இடி மின்னல் உள்ளே வராமல் இருக்க, லைன் நுழையும் இடத்தில் காப்பான்கள் போடுவார்கள். வாயு நிரப்பிய ஒரு சின்னக் குழாய். அழுத்தம் எல்லை மீறினால் அது கடத்த ஆரம்பித்து, வந்ததை மண்ணுக்குத் திருப்பிவிடும். ஆனால் மண் அதை வாங்கிக்கொள்ள வேண்டுமே? இங்கேதான் கரிசல் தன் குணத்தைக் காட்டும். ஈரமாக இருக்கும்போது மின்சாரத்துக்கு அருமையான மண். காய்ந்தால் சுருங்கும், கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். புதைத்து வைத்த எர்த் கம்பியை விட்டு மண்ணே விலகிப்போகும். கம்பி மண்ணுக்குள் இருக்கும், ஆனால் மண்ணைத் தொடாது.

நம்ம பக்கத்துக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் வரும். எட்டு மாசம் காய்ந்து வெடித்துக் கிடக்கிற நேரத்தில் முதல் இடி இறங்கும். இடி பலமாகவும் எர்த் பலவீனமாகவும் இருக்கிற நேரம் அது. ஒரு இடிக்கு லைன் கார்டு முழுக்க கருகும். நோட்டில் இப்படி இருக்கிறது: "புரட்டாசி கடைசிக்குள்ள எர்த் குழிக்குத் தினமும் ரெண்டு குடம். உப்பு, கரி மாத்தணும்." குடிக்கவே தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த ஊரில், ஒரு மனுஷன் மண்ணுக்குத் தினமும் இரண்டு குடம் ஊற்றியிருக்கிறார். "பைத்தியமான்னு கேப்பாங்க. கேட்டுட்டுப் போகட்டும். கார்டு போச்சுன்னா யாரு அழுவா?" என்றார்.

219

இனி அந்தச் சிவப்பு மை.

தொண்ணூறுகளின் கடைசி. பில் ஏறிக்கொண்டே போகிறது என்று மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்திருக்கிறது. சாயந்திரம் ஏழு மணிக்கு மேல் எல்லா எக்ஸ்டென்ஷனும் உள்ளே மட்டும். இதற்குப் பெட்டியிலேயே வசதி உண்டு. பகல் வகுப்பு ஒன்று, இரவு வகுப்பு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுக்கலாம், நேரம் வந்ததும் தானாக மாறிக்கொள்ளும். மாமா அப்படியே செய்தார். வாட்ச்மேன் ரூமுக்கு ஏற்கெனவே பகலிலும் வெளி லைன் கிடையாது. மேனேஜர் ரூமில் பெட்டியில் சேராத ஒரு நேரடி லைன் இருந்தது. ராத்திரி அந்த ரூமுக்குப் பூட்டு.

ஒரு நாள் ராத்திரி கிட்டங்கிப் பக்கம் போன வாட்ச்மேனைப் பாம்பு கடித்துவிட்டது. கூட இருந்தவர் 219-ஐ எடுத்து அடித்துப் பார்த்திருக்கிறார். வெளியே போகவில்லை. உள்ளே எந்த எண்ணை அடித்தாலும் எடுக்க ஆள் இல்லை. இருபது எக்ஸ்டென்ஷன், நாலு வெளி லைன், எல்லாம் சரியாக வேலை செய்துகொண்டிருந்தன. நோட்டில் எழுதியபடி ஒரு பிசகும் இல்லாமல் வேலை செய்தன. அவர் மெயின் ரோட்டுக்கு ஓடி, ஒரு லாரியை மறித்து, ஆளைத் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனார். பாளையங்கோட்டையில் பல நாள் கிடந்து பிழைத்தார் அந்த மனுஷன். காலில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

"யாரும் என்னைய ஒரு வார்த்த சொல்லல மாப்ளே. சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். பூட்டுனது என் கைதான?" என்றார் மாமா. மறுநாள் யாரையும் கேட்காமல் அவர் போட்ட மாற்றம்தான் அந்தச் சிவப்பு மை: "219 – ராத்திரி பகல் எப்பவும்: 100, 101, ஆஸ்பத்திரி, மேனேஜர் வீடு." அடைப்பட்டியலுக்கு மேலே ஒரு விதிவிலக்குப் பட்டியல். இதையும் பெட்டி செய்யக் கூடியதுதான். முதல் நாளே செய்திருக்கலாம், யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இது கோவில்பட்டியில் ஒரு மூலையில் நடந்தது என்று விட்டுவிட முடியாது. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் 2013-ல் ஒரு விடுதி அறையில் ஒரு பெண் தாக்கப்பட்டபோது, அவருடைய ஒன்பது வயது மகள் அவசர எண்ணான 911-ஐ நாலு தடவை அடித்தாள். போகவில்லை. அந்த விடுதியின் பெட்டியில் வெளி லைனுக்கு முதலில் 9 அழுத்த வேண்டும். வீட்டில் எல்லாரும் 911 என்றுதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தாய் இறந்துபோனார். அவருடைய அப்பா விடாமல் போராடினார். 2018-ல் 'கேரி சட்டம்' என்று அந்தப் பெண்ணின் பெயரிலேயே சட்டம் வந்தது. 2020 பிப்ரவரி முதல் அமெரிக்காவில் விற்கப்படும், நிறுவப்படும் இப்படிப்பட்ட எல்லாப் பெட்டியிலும் முன்னெண் எதுவும் இல்லாமல் 911 நேராகப் போக வேண்டும். ஒருவர் அடித்தால் அந்தக் கட்டடத்தில் பொறுப்பில் இருப்பவருக்கும் தகவல் போக வேண்டும்.

ஒரு நாட்டுக்குச் சட்டமாக எழுத வேண்டியிருந்ததை, மாமா ஒரு நோட்டில் ஒரு வரியாக எழுதியிருக்கிறார். அதற்கு விலை இரண்டு கால் விரல்.

இப்போது

அந்தப் பெட்டி இப்போது இல்லை. எல்லார் கையிலும் செல் வந்தபின் இண்டர்காம் அழகுப் பொருளாயிற்று, பிறகு பழைய இரும்புக்குப் போயிற்று. பெரிய ஆபீஸ்களில் வேலையைச் சாஃப்ட்வேர் எடுத்துக்கொண்டது. 1999-ல் மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க இளைஞர், தன் சின்னக் கம்பெனிக்கு ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச் வாங்கக் காசு இல்லாமல் தானே கம்ப்யூட்டரில் ஒன்றை எழுதி, 'ஆஸ்டெரிஸ்க்' என்று பேர் வைத்து இலவசமாகக் கொடுத்தார். இன்றைக்கு உலகம் முழுக்க அது ஓடுகிறது. திரை இருக்கிறது, எல்லாவற்றையும் பட்டியலாகக் காட்டும். ஆனால் உள்ளே இருப்பது அதே கேள்விதான். இந்த எக்ஸ்டென்ஷன் யாரை அழைக்கலாம், யாரை அழைக்கக் கூடாது?

உங்கள் ஆபீஸ், பள்ளிக்கூடம், விடுதி, ஆஸ்பத்திரி எதிலாவது இப்படி ஒரு பெட்டி இருந்தால், மாமா சார்பில் மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன். ஒன்று, ராத்திரி விழித்திருக்கும் கடைசி ஆளின் ரிசீவரிலிருந்து 112, 108, 101 போகிறதா என்று பாருங்கள். அங்கே சும்மா அடித்துத் தொந்தரவு செய்யாமல், பட்டியலில் இருக்கிறதா என்று பெட்டியைப் பார்ப்பவரிடம் கேளுங்கள். இரண்டு, கரண்டு போய் பேட்டரியும் போனால் வெளி லைன் எந்த ரிசீவருக்கு நேராகப் போகும் என்று கேளுங்கள். பல பெட்டிகளில் அந்த வசதி உண்டு. அந்த ரிசீவர் பூட்டிய ரூமுக்குள் இருக்கக் கூடாது. மூன்று, யாராவது ஒரு பூட்டுப் போட்டால் தேதியும் காரணமும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

கரிசல் வட்டாரப் பேச்சை கி.ரா. அகராதியாகத் தொகுத்து வைத்தார், அதனால் அந்தச் சொற்கள் நமக்கு மிஞ்சின. இந்த ஊர் எலெக்ட்ரீஷியன்கள், ஃபிட்டர்கள், லைன்மேன்கள் எழுதிய நோட்டுகளை அப்படித் தொகுக்க ஆள் இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.

மாமாவிடம் நோட்டை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "வச்சுக்கோ. ஆனா அந்த 219 பக்கத்த மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துரு" என்றார். எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.